டாக்டர் சீட்டில் இருக்கும் தேதி: பெங்களூரில் போன என் ஒரு வருடம்

எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். 2022-ல் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் படிக்க பெங்களூரு வந்தேன். இரண்டு வருடப் படிப்பு முடிய மூன்று வருடம் ஆனது. நடுவில் மனச்சோர்வு வந்தது. அது மனச்சோர்வுதான் என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுப்பதற்குள் செமஸ்டர் கையை விட்டுப் போய்விட்டது. கடைசியில் கணக்குப் பார்த்தால் செலவு இரண்டு லட்சத்தைத் தொட்டது. மனச்சோர்வு எப்படி இருக்கும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த டாக்டரிடம் போவது, என்ன காகிதம் வாங்குவது, அதைக் கல்லூரியில் எப்போது கொடுப்பது, பேங்கில் என்ன சொல்வது என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அதை நான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது வயிற்று வலி. இரண்டாவது செமஸ்டர் கடைசியில், மடிவாளாவில் மூன்று பேர் தங்கும் பிஜி அறையில் இருந்தேன். ராத்திரி மூன்று மணி வரை தூக்கம் வராது. காலையில் வயிறு பிசையும், குமட்டும். கிளாஸுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்த நாட்களும் உண்டு. ஊரில் டிகிரி படித்தபோது கணக்கில் முதல் மார்க் எனக்குத்தான். இங்கே கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் அரை மணி நேரத்தில் எழுதும் புரோகிராமை நான் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டிருப்பேன் என்றால் அப்படியேதான். லேப்டாப் திறந்திருக்கும், கண் ஒரே வரியில் நிற்கும், ஒன்றும் உள்ளே போகாது. குளிப்பதுகூடப் பெரிய வேலையாகத் தோன்றியது. அம்மா தினமும் ராத்திரி கூப்பிட்டு “அம்மிணி, சாப்டியா?” என்பார். “சாப்டேன்மா” என்பேன். டிபன் பாக்ஸ் திறக்காமலே இருக்கும்.

வயிறு என்பதால் வயிற்று டாக்டரிடம் போனேன். எண்டோஸ்கோபி, ஸ்கேன், மாத்திரை, திரும்ப வேறொரு இடத்தில் அதே டெஸ்ட் என்று இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். இன்னொரு கிளினிக்கில் தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மனசு கெட்டுப்போனால் முதலில் வயிறும் தூக்கமும் கெடும் என்று இப்போது தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு “மனசு சரியில்லை” என்று சொல்ல வாய் வராது, “வயிறு சரியில்லை” என்பது எளிதாக வரும். அதற்காக எல்லா டெஸ்டும் வீண் என்று சொல்லவில்லை. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இதே சோர்வு வரும். மனநல டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார். அந்த ரிப்போர்ட்கள் கையில் இருந்தது ஒன்றுதான் அந்த இருபதாயிரத்தில் தேறியது. இன்னொரு விஷயம். எந்த டாக்டரைப் பார்த்தாலும், வயிற்றுக்குப் போனாலும்கூட, அன்றைக்கே ஒரு மருத்துவச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கல்லூரியில் கவுன்சிலர் இருந்தார். பல ஆயிரம் பேருக்கு ஒருவர். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. அவர் அறை டீன் ஆபீசுக்கு எதிரில், கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே உட்கார்ந்து அழுதால் கட்டணம் கட்ட வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்கள் ஒருநாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அவர் நல்லவர்தான், ஆனால் நான் சொன்னது மறுநாளே கிளாஸ் அட்வைசருக்குத் தெரிந்திருந்தது. “ஸ்ட்ரெஸ் எல்லாருக்கும் இருக்குமா, யோகா பண்ணு” என்று நடைபாதையில் வைத்துச் சொன்னார். அதனால் கல்லூரிக் கவுன்சிலரிடம் போனால் முதல் கேள்வி நீங்கள் கேளுங்கள்: நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்? உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அவர்கள் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், அது சரி. மற்றதெல்லாம் அந்த அறையோடு நிற்க வேண்டும். நான் படிப்பை முடித்து வெளியே வந்த பிறகு, 2025 ஜூலையில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஒரு கவுன்சிலராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் இல்லை என்றால் இதைக் காட்டிக் கேட்கலாம்.

அப்புறம் கோரமங்களாவில் ஒரு சென்டர். இன்ஸ்டாகிராமில் பார்த்துப் போனேன். வாசனை மெழுகுவர்த்தி, மெத்தை, சன்னமான இசை. பத்து அமர்வு பேக்கேஜ் 15,000 ரூபாய், முன்பணம். பேசியவர் லைஃப் கோச் என்று போட்டிருந்தார். என்ன படித்திருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. “பாசிட்டிவாக யோசி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நன்றி சொல்லும் டயரி எழுது” என்றார். மூன்று மணிக்குத் தூங்குபவள் ஐந்து மணிக்கு எழுந்து யாருக்கு நன்றி சொல்வது? பாதியில் நின்றுவிட்டேன், மீதிப் பணம் வரவில்லை. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மனநலம் பார்ப்பவர்களில் மாத்திரை எழுதலாம் என்பது சைக்கியாட்ரிஸ்டுக்கு மட்டும். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுச் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். சி.ஆர்.ஆர். எண் என்று ஒன்று இருக்கும். போனிலேயே கேளுங்கள். தகுதி உள்ளவர் தயங்காமல் சொல்வார். மொத்தப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் ஒரு அமர்வுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.

மூன்றாவது செமஸ்டரில், 2023 ஆகஸ்ட், செப்டம்பரில், கிளாஸுக்குப் போனதே குறைவு. அந்த நாட்களில் காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது. ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று இல்லை. ஆனால் இல்லாமல் போனால் பரவாயில்லை என்று. இதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் ராத்திரி அந்த நினைப்பு ரொம்ப நேரம் விடாமல் இருந்தது. 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழ் உண்டு. எடுத்த அக்கா அவசரப்படவில்லை. “சாகணும்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டதும் பயம் வரும் என்று நினைப்போம். எனக்கு மூச்சு வந்தது. அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவரை எழுப்பச் சொன்னார்.

எழுப்பினேன். ஓசூர்க்கார அக்கா, எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலை. பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, “நாளைக்கு நான் லீவு. ஆறு மணிக்குக் கெளம்புறோம், நிம்ஹான்ஸ் போறோம்” என்றார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. என் சார்ஜரை எடுத்துப் பையில் போட்டார், அவ்வளவுதான்.

நிம்ஹான்ஸ் என்பது மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி. நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்வது போல பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று கிண்டல் செய்வார்கள். என் கிளாஸிலேயே அந்த ஜோக் ஓடும். அதனால் அந்த கேட்டுக்குள் போகக் கால் கூசியது. உள்ளே போனால் சாதாரண அரசு ஆஸ்பத்திரிக் கூட்டம்தான். ஓசூர் ரோட்டில், டெய்ரி சர்க்கிள் பக்கம். மத்திய அரசு நிறுவனம், பதிவுக் கட்டணம் சொற்பம். யாருடைய சிபாரிசுக் கடிதமும் தேவைப்படவில்லை. காலையில் சீக்கிரம் போய்ப் பதிவு செய்ய வேண்டும். ஆதார் போன்ற அடையாள அட்டை, பழைய ரிப்போர்ட்கள் எல்லாம் எடுத்துப் போங்கள். அன்றைக்கு முழு நாளும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே போங்கள், சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். வரிசையில் பாதி தமிழ்தான் காதில் விழுந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு அம்மா, காலேஜ் படிக்கும் மகனோடு. அவன் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான். அந்த அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதத்தை மூடியில் கொஞ்சம் வைத்து என்னிடம் நீட்டி, “எங்கூட்டுப் பையன் தொடமாட்டேங்கறான், நீயாவது தின்னு சாமி” என்றார். பல நாளுக்குப் பிறகு நான் முழுசாகச் சாப்பிட்ட சாப்பாடு அது.

முதலில் சுருக்கமாகப் பார்த்துப் பிரிப்பார்கள், பிறகு ஒரு ஜூனியர் டாக்டர் விரிவாகக் கேட்பார், கடைசியில் சீனியர் டாக்டர் வந்து முடிவு சொல்வார். எனக்கு அமைந்த ஜூனியர் டாக்டருக்குத் தமிழ் தெரியும். அதுவரை எல்லோரிடமும் இங்கிலீஷில் பேசியபோது நான் பரீட்சைக்குப் பதில் சொல்வது போலத்தான் பேசியிருந்தேன். தமிழில் ஆரம்பித்ததும் அழுகைதான் வந்தது. அவர் காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். தூக்கம், பசி, மாதவிடாய், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, எப்போதாவது தூங்காமலே ரொம்ப உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டா, குடிப்பழக்கம், தூக்க மாத்திரை எத்தனை நாளாக எடுக்கிறாய் என்று எல்லாம் கேட்டார். கூட வந்த அக்காவிடமும் தனியாகக் கேட்டார். கூட ஒருவரை அழைத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான். எத்தனை நாளாகக் குளிக்கவில்லை என்பது நமக்கு ஞாபகம் இருக்காது, அறையில் இருப்பவருக்கு இருக்கும். உங்களுக்குத் தமிழில்தான் பேச வரும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், முடிந்தவரை பார்க்கிறார்கள். இவ்வளவு முற்றாமல், பரீட்சைப் பயம், பதற்றம் என்ற அளவில் இருப்பவர்களுக்கு பிடிஎம் லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் ‘சென்டர் ஃபார் வெல்பீயிங்’ இருக்கிறது. என் பிஜியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். கோரமங்களாவில் 15,000 கட்டியபோது அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

மாத்திரை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகை. முதல் வாரம் குமட்டல் இன்னும் கூடியது, படபடப்பும் கொஞ்சம். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் இருந்தேன். யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் மூன்றாம் நாளே குப்பைத் தொட்டியில் போட்டிருப்பேன். ஆரம்ப நாட்களில் கெட்ட எண்ணங்கள் கூடினால், முக்கியமாகச் சின்ன வயதுக்காரர்களுக்கு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். சரியாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொன்னார்கள். ஒருமுறை ஊருக்குப் போனபோது மாத்திரை அட்டை பிஜியிலேயே இருந்துவிட்டது. இரண்டு நாளில் தலையைத் திருப்பும்போதெல்லாம் லேசாகக் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும் கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஊரில் இருந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் பெங்களூரு வர வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் இருப்பார். நிம்ஹான்ஸ் சீட்டைக் காட்டி ஈரோட்டில் மாத்திரையை இலவசமாகவே வாங்கினேன்.

இப்போது காகிதக் கதை. இதுதான் எனக்கு ஒரு வருடத்தைத் தின்றது. அக்டோபரில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் நான் ஒழுங்காகக் கிளாஸுக்குப் போக ஆரம்பித்தேன். நவம்பரில் அட்டெண்டன்ஸ் லிஸ்ட் ஒட்டினார்கள். எனக்கு 67 சதவீதம். 75 வேண்டும். மருத்துவச் சான்று இருந்தால் 65 வரை விடுவார்கள். நிம்ஹான்ஸ் சான்றோடு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், தமிழும் பேசுவார். சான்றை ஒரு பக்கம், என் அட்டெண்டன்ஸ் தாளை இன்னொரு பக்கம் வைத்து, பேனா முனையால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தார். “இதுல போட்டிருக்கிற தேதிக்கு அப்புறம் நீ டெய்லி வந்திருக்கியேம்மா. லீவு போட்டதெல்லாம் அதுக்கு முன்னாடி. அதுக்கு சர்டிபிகேட் எங்க?” என்றார். சிகிச்சைக்குப் போன பிறகு நான் லீவே போடவில்லை, அதனால் சிகிச்சைக்குப் போனதற்கான சான்று செல்லாது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முன் தேதியிட்டு எந்த நல்ல டாக்டரும் எழுத மாட்டார், கேட்கவும் கூடாது. ஆகஸ்டில் பார்த்த வயிற்று டாக்டரின் சீட்டுகள் சில ஓசூர் அக்காவின் வாட்ஸ்அப்பில் இருந்தன. ஆனால் திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று ஹேண்ட்புக்கில் சின்ன எழுத்தில் இருந்தது. டீடெய்ன் செய்துவிட்டார்கள், அதாவது பரீட்சை எழுத விடவில்லை. அந்தப் பேப்பர்கள் எல்லாம் ஆகஸ்ட் செமஸ்டரில் மட்டும் நடத்துபவை. ஆகவே ஆறு மாதம் இல்லை, முழு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே உடம்பு முடியாமல் மூன்று நாள் சேர்ந்தாற்போல் போகவில்லை என்றால், அன்றே ஏதாவது ஒரு டாக்டரைப் பாருங்கள், தேதி அங்கிருந்து ஓட ஆரம்பிக்கட்டும். சான்றில் வியாதியின் பெயரை விரிவாக எழுத வேண்டாம், ‘சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை’ என்று போதும் என்று கேட்கலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது நம் உரிமை. எனக்கு அப்படித்தான் எழுதித் தந்தார்கள். தாளின் மேலே நிம்ஹான்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது வேறு கதை. மெயிலிலும் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். இதையெல்லாம் படுக்கையை விட்டு எழ முடியாத ஆள் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். செய்ய முடியாது. ஒரு ஃபார்மைத் திறந்து பெயர் எழுதவே அரை நாள் ஆன காலம் அது. அதனால் நம்பிக்கையான ஒருவரிடம் இந்தக் காகித வேலையை ஒப்படைத்துவிடுங்கள். நண்பருக்கு உதவ வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் வேலை. “எதுன்னாலும் சொல்லு” என்று சொல்வதைவிட ஹேண்ட்புக்கில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, மெயிலை நீங்களே டைப் செய்து, அனுப்பட்டுமா என்று கேளுங்கள்.

வீட்டில் சொன்னது டீடெய்ன் ஆன பிறகுதான். அப்பா ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு முதல் பயம், நிம்ஹான்ஸ் என்றால் உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்பது. இரண்டாவது பயம் கல்யாணம். மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய்வரலாம் என்றார். போனோம், எனக்கும் அது பிடித்திருந்தது. பெருமாளையும் கும்பிட்டேன், மாத்திரையையும் விடவில்லை. வீட்டாரிடம் இந்த இரண்டுக்கும் சண்டை மூட்டாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் அபிப்பிராயம். அடுத்த ரிவ்யூவுக்கு அம்மாவையே பெங்களூரு கூட்டிப்போனேன். டாக்டர் அவரிடம் தமிழில் பேசி, சாயந்திரமே நாங்கள் திரும்பி வந்ததும் அந்தப் பூட்டுப் பயம் போயிற்று.

பணத்தில் ஒன்று தப்பியது. படிப்புக் கடனை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். என் கணக்கில் அந்தத் தேதி பழைய இரண்டு வருடத்தை வைத்தே போட்டிருந்தது. படிப்பை உரிய காலத்தில் முடிக்க முடியாவிட்டால் அதிகபட்சம் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம் என்று வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நாமாகப் போய்க் கல்லூரிக் கடிதம் கொடுத்தால்தான் நடக்கும். கொடுத்தேன், தேதி தள்ளிப்போனது. மனநோய் என்று பேங்கில் சொல்ல வேண்டியதில்லை, படிப்புக் காலம் நீண்டது என்ற கடிதம் போதும். பிஜி அட்வான்ஸ் மட்டும் வரவில்லை. ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் தரவில்லையாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால் போதும் என்று அடுத்த பிஜிக்காரர் சொன்னார்.

2024 ஆகஸ்டில் ஜூனியர்களோடு உட்கார்ந்தேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது, இரண்டாவது வாரத்தில் அவர்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாத்திரையை அந்த வருடக் கடைசியில் குறைத்து நிறுத்தினார்கள். 2025-ல் வேலைக்கான இன்டர்வியூவில் ஒரு வருட இடைவெளி ஏன் என்று கேட்டார்கள். “உடம்பு சரியில்லாமல் இருந்தது, சிகிச்சை எடுத்தேன், இப்போது சரியாகிவிட்டது” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எஸ்.க்யூ.எல்.லில் அடுத்த கேள்விக்குப் போனார்.